விதியும் புறனடையும்: தேயிலைத் தோட்டக் கூலிக் கணக்கும் கணினி நிரலின் இலக்கணமும்

இலக்கணம் என்றவுடன் நம் மாணவர் மனத்தில் எழுவன சூத்திரமும் மனப்பாடமுமே. ஆயினும் இலக்கண ஆசிரியர்களின் உண்மையான கவலை வேறொன்றாக இருந்தது. ஒரு விதியை எந்த இடத்தில் வைப்பது? அதனோடு முரணும் சிறப்புவிதியை எங்ஙனம் அமைப்பது? சொல்லாமல் விட்டவற்றைப் பின்வருவோர் தழுவிக்கொள்ள எவ்வாறு வழிவிடுவது? வழக்கு மாறும்போது நூல் முழுவதையும் இடித்துக் கட்டாமல் எப்படிக் காப்பது? இவ்வினாக்களுக்கு விடைதேடியதனால்தான் தொல்காப்பியமும் நன்னூலும் நெடுங்காலம் நிலைத்தன.

இதே வினாக்கள் இன்று வேறோர் அவையில் எழுப்பப்படுகின்றன. அந்த அவை மென்பொருள் வடிவமைப்போருடையது. வணிகமும் தொழிலும் நடத்தும் நிறுவனங்களுக்கு நிரல் எழுதுவோர் அன்றாடம் எதிர்கொள்ளும் இடர், விதிகளின் மாற்றமே. அரசு சட்டத்தைத் திருத்துகிறது; தொழிற்சங்கம் புது உடன்பாடு காண்கிறது; நிருவாகம் வீதத்தை மாற்றுகிறது. ஒவ்வொரு மாற்றத்திற்கும் நிரலை உடைத்தெழுதினால் அது விரைவில் சிதையும். எனவே மாற்றத்தை ஏற்கும் வண்ணம் விதிகளை அமைப்பது எங்ஙனம் என்பது பொருள்நோக்கு நிரலாக்கத்தின் தலையாய சிக்கல்களுள் ஒன்றாயிற்று.

கணினி நிரலைத் திறனாய்வுக்குரிய பனுவலாகக் கொள்ளலாமா என்னும் ஐயம் சிலர்க்கு எழக்கூடும். ஒருவர் எழுத, மற்றொருவர் படித்துத் திருத்த, பின்னொருவர் விரித்தெழுத வாழ்வது எதுவோ அது பனுவலே. அதன் சொற்படி ஒரு குடும்பத்தின் மாத வருவாய் தீர்மானிக்கப்படுமாயின் அதனைத் திறனாயும் கடமையும் நமக்கு உண்டு. ஆதலின் நமக்கு அணுக்கமான ஒரு களத்தை, கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களின் கூலிக் கணக்கை, எடுத்துக்கொண்டு இச்சிக்கலை ஆராய்வோம்.

மலையும் கணக்கும்

பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில் உள்ள இம்மலைப்பகுதி, 1885ஆம் ஆண்டில் அதனை அளந்த வில்லியம் கேமரனின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஜான் ஆர்ச்சிபால்ட் ரசல் 1929இல் போ தோட்டத்தை நிறுவினார். 1933இல் பாரத் தோட்டம் தோன்றியது. காட்டை வெட்டிச் சரிவுகளில் தேயிலைச் செடியை நட்டோருள் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளரே. இந்திய அரசு 1938இல் உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தை நிறுத்திய பின்னர், இங்கேயே பிறந்த தலைமுறை அவ்வேலையைத் தொடர்ந்தது. இன்று தோட்டங்களில் கொழுந்து பறிப்போருள் வங்காளதேசத்தாரும் நேப்பாளியரும் இந்தோனேசியரும் மிகுதியாக உள்ளனர். தமிழ்க் குடும்பங்கள் பல தானா ராத்தா, ரிங்லெட் முதலிய ஊர்களுக்கும் மலையடிவார நகரங்களுக்கும் இடம்பெயர்ந்துவிட்டன. எனினும் தோட்டத்தின் கணக்குமொழியில் தமிழின் தடம் இன்னும் மறையவில்லை.

பழைய முறையில் விடியற்காலைப் பெரட்டில் பெயர் அழைக்கப்படும். கங்காணி ஆள்களைப் பிரித்தனுப்புவார். கொழுந்து நிறுக்கப்பட்டதும் கிராணியார் எடையைக் குறிப்பார். மாத முடிவில் செக்ரோல் என்னும் பேரேட்டிலிருந்து கூலி கணக்கிடப்படும். விதி கிராணியாரின் தலையில் இருந்தது. அவருடைய கையெழுத்தில் வெளிப்பட்டது. அவர் தவறினால் அவரையே கேட்கலாம். அவர் நேர்மையற்றவராயின் கேட்டும் பயனில்லை. அந்த முறையின் நிறையும் குறையும் இவ்விரண்டிலும் அடங்கும்.

கணினி வந்தபோது கிராணியாரின் தலையிலிருந்த விதிகள் நிரலுக்குள் பெயர்ந்தன. எத்தனை வகை விதிகள் என்பதை எண்ணிப் பார்த்தால் பெயர்ச்சியின் அருமை விளங்கும். கொழுந்தைக் கையால் பறிக்கலாம். கத்தரி கொண்டு வெட்டலாம். இருவர் தாங்கிச்செல்லும் பறிப்புப் பொறியாலும் அறுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் கிலோவுக்கான வீதம் வேறுபடக்கூடும். பொறியைத் தாங்கிய இருவர்க்கிடையே எடையைப் பகிரவும் ஒரு விதி வேண்டும். மழையில் நனைந்த கொழுந்தின் நீரெடையைக் கழிப்பதாயின் அதற்கும் விதி வேண்டும். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகும் தொழிலில், எடையைப் பற்றிய ஒவ்வொரு விதியும் இருசாரார்க்கும் பணமேயாகும்.

இவற்றின்மேல் நாட்டின் சட்டம் நிற்கிறது. 1955ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டம், நாட்கூலி பெறும் தோட்டத் தொழிலாளர்க்கு மாதத்தில் 24 நாளுக்குக் குறையாமல் வேலை தரவேண்டும் என்கிறது. வேலை செய்ய அவர் விருப்பத்துடன் இருந்தும் தரவில்லையாயின் அந்நாளுக்குரிய கூலியையாவது கொடுத்தாக வேண்டும். பொது விடுமுறையில் உழைத்தால் விடுமுறைச் சம்பளத்தோடு இரட்டை வீதமும் உண்டு. இன்னின்ன கழிவுகளே செய்யலாம் என்னும் வரம்பும் உண்டு.

மாற்றங்களின் அணிவகுப்பு

இவ்விதிகள் அசையாது நின்றிருந்தால் சிக்கலே இல்லை. கடந்த பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகளில் நிகழ்ந்தவற்றை மட்டும் நோக்குக. தீபகற்ப மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 900 ரிங்கிட் என்பது 2013 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. 2016 சூலையில் அது 1,000 ஆயிற்று. 2019 சனவரியில் 1,100 ஆயிற்று. 2020 பிப்ரவரியில் மாநகர், நகராண்மைப் பகுதிகளுக்கு 1,200 என்றும் ஏனைய இடங்களுக்கு 1,100 என்றும் பிரிந்தது. அதாவது வேலை செய்யும் இடமே விதியின் நிபந்தனையாயிற்று. 2022 மே மாதத்தில் 1,500 ஆகவும், 2025 பிப்ரவரியில் ஐவர்க்குக் குறையாத தொழிலாளரை வைத்திருக்கும் முதலாளிகளுக்கு 1,700 ஆகவும் உயர்ந்தது. சிறு முதலாளிகளுக்கு அதே ஆண்டு ஆகத்து வரை தவணை கிடைத்தது.

கூலி மட்டுமா மாறியது? 2023 சனவரியில் வார வேலைநேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. மகப்பேற்று விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாயிற்று. அயல்நாட்டுத் தொழிலாளர் 2019 சனவரியில் சொக்சோவின் வேலையிடக் காப்புறுதிக்குள் வந்தனர். 2025 அக்டோபர் மாதச் சம்பளம் முதல் அவர்களுக்கும் ஊழியர் சேமநிதியில் இருபாலும் நூற்றுக்கு இரண்டு வீதம் கட்டாயமாயிற்று.

மாறிக்கொண்டேயிருக்கும் இவ்விதிகளை நிரலுக்குள் எப்படி இருத்துவது? மூன்று வகை அமைப்புகளை எடுத்து ஒவ்வொன்றாக மதிப்பிடுவோம்.

முதல் அமைப்பு: புதைந்த விதி

முதல் வகையில் விதி, கணக்கிடும் வரிகளுக்குள்ளேயே புதைந்து கிடக்கும். ‘கூலி 1,500க்குக் குறைந்தால் 1,500 ஆக்குக’ என்று ஓரிடத்தில் எழுதியிருப்பர். அதே 1,500 மிகைநேரக் கணக்கில் ஒருமுறையும், விடுப்புச் சம்பளக் கணக்கில் ஒருமுறையும், அறிக்கை அச்சிடும் பகுதியில் ஒருமுறையும் தோன்றும். 2025 பிப்ரவரியில் எண்ணை மாற்ற வந்த நிரலர் மூன்றிடத்தில் மாற்றி ஓரிடத்தை மறந்தால் அதனைக் கண்டுபிடிப்பார் யார்? சூத்திரங்களின் இடநிலையைப் பேசும் நம் இலக்கணத்தார் ‘தவளைப் பாய்த்து’ என்றொரு நிலையைக் கூறுவர். இடையே உள்ளவற்றைத் தாண்டி ஒரு சூத்திரம் பின்னொன்றோடு இயைவது அது. இலக்கண ஆசிரியன் அறிந்தே செய்வதனாலும் உரையாசிரியன் அதனைச் சுட்டிக்காட்டுவதனாலும் அங்கே அது முறையாகிறது. நிரலில் ஒருவரும் அறியாமல் விதி தாவுமாயின் அது முறைகேடு.

புதைந்த விதியின் கேடு எண்ணோடு நின்றுவிடுவதில்லை. 1,500 ரிங்கிட் மாதச் சம்பளத்தை ஆண்டுக்கு 52 வாரம், வாரத்திற்கு 48 மணி என்று வகுத்தால் மணிக்கு 7.21 வரும். வாரம் 45 மணி என்றால் 7.69 வரும். வேலைநேரம் பற்றிய விதி மாறியபோது மணிக்கூலி பற்றிய விதியும் அசைகிறது. ‘7.21’ என்னும் எண்ணை மட்டும் நிரலில் பொறித்துவைத்தவர், அது எதிலிருந்து பிறந்தது என்னும் உறவை அழித்துவிட்டார். வேர்ச்சொல்லை மறைத்துத் திரிந்த வடிவத்தை மட்டும் அகராதியில் எழுதியது போன்ற பிழை இது.

1972இல் டேவிட் பார்னஸ் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையொன்று இதற்கு மருந்து கூறியது. மாறக்கூடிய முடிவு எதுவோ அதனைத் தனியறையில் அடைத்து, ஏனைய பகுதிகள் அதன் உட்புறத்தை அறியாதவாறு செய்க என்பது அதன் சாரம். பொருள்நோக்கு நிரலாக்கம் இக்கருத்துக்கு ஏற்ற உடலை வழங்கியது. நார்வே நாட்டு அறிஞர் டாலும் நைகார்டும் 1960களில் ஆக்கிய சிமுலா மொழியும், 1970களில் அமெரிக்காவில் ஆலன் கே முதலியோர் வளர்த்த சுமால்டாக் மொழியும், தரவையும் அதன்மேல் நிகழும் செயலையும் ஒருங்கே பொதிந்த ‘பொருள்’ என்னும் அலகை நிலைநாட்டின. ஒத்த பொருள்களின் பொது வடிவம் ‘வகுப்பு’. ஒரு வகுப்பின் இயல்பை மற்றொன்று பெற்றுத் தன் சிறப்பைச் சேர்த்துக்கொள்வது ‘மரபுரிமை’.

இரண்டாம் அமைப்பு: மரபுரிமையின் மயக்கம்

மரபுரிமை என்னும் சொல்லைக் கேட்டவுடன் தமிழ் மாணவர்க்குப் பொதுவிதியும் சிறப்புவிதியும் நினைவுக்கு வரும். ஒப்புமை பொருத்தமானதே. வல்லினம் மிகுதல் பொதுவாக அமையும் இடத்தில் ‘பலாப்பழம்’ என்கிறோம். ‘மா’ என்னும் சொல்லின்பின் அதே பழம் வரும்போது ‘மாம்பழம்’ ஆகிறது. சில மரப்பெயர்கட்கு இனமெல்லெழுத்துத் தோன்றும் என்று இலக்கணம் சிறப்புவிதி வகுத்தது. பொதுவிதியை அழிக்கவில்லை, அதனுள் மாமரத்திற்கென ஒரு கிளைவரியும் நுழைக்கவில்லை. பொதுவிதி தன் நிலையில் நிற்க, சிறப்புவிதி தன் எல்லைக்குள் அதனை விலக்கியது. பெர்ட்ரண்ட் மேயர் 1988இல் வெளியிட்ட நூலில், ஒரு நிரற்கூறு விரிவுக்குத் திறந்தும் திருத்தத்திற்கு மூடியும் இருத்தல் வேண்டும் என்று வகுத்த கொள்கையும் இத்தகையதே.

இதனைக் கண்டு மகிழ்ந்த நிரலர் பலர் ஒரு பிழை செய்தனர். தொழிலாளியையே வகுப்பாக்கி, அவரைக் கைப்பறிப்பாளர், கத்தரிப் பறிப்பாளர், பொறிப் பறிப்பாளர் எனக் கிளைப்படுத்தினர். குடிமகன், அயல்நாட்டவர் என்று மீண்டும் பிரித்தனர். நிரந்தரம், தற்காலிகம் என்று மேலும் பிரித்தனர். மூன்றும் இரண்டும் இரண்டும் பெருக்கப் பன்னிரண்டு வகுப்புகள். வேலைநாள், ஓய்வுநாள், பொது விடுமுறை என்னும் வேறுபாட்டையும் சேர்த்தால் முப்பத்தாறு. அடுத்த சட்டத்திருத்தம் ஒரு புதுப் பிரிவைக் கொணர்ந்தால் எழுபத்திரண்டு.

எண்ணிக்கையைவிடக் கொடிது கருத்துப்பிழை. ஒரு பெண் காலையில் கையால் பறிக்கிறாள். பிற்பகலில் பொறியின் ஒருமுனையைத் தாங்குகிறாள். அவள் எந்த வகுப்பு? அவள் ஆள், அவள் செய்தது வேலை, வேலைக்குரியது வீதம். இம்மூன்றையும் ஒன்றாகப் பிசைந்ததால் வந்த குழப்பம் இது. வேலையின் இயல்பை மனிதரின் பிறவியியல்பாக எழுதிவைக்கும் பழக்கம் தோட்டத்து வரலாற்றில் நமக்குப் புதிதன்று. நிரலிலும் அது நுழைய வேண்டா.

நம் இலக்கணம் இப்பிழையைச் செய்யவில்லை. புணர்ச்சி விதி நிலைமொழிக்குள் அடைபட்டதன்று, வருமொழிக்குள்ளும் அடைபட்டதன்று. இரண்டும் கூடும் இடத்தில் அது பிறக்கிறது. அல்வழியா வேற்றுமையா என்னும் சூழலையும் அது நோக்குகிறது. ஆகவே சொற்கள் பெருகினாலும் விதிகள் அவற்றோடு பெருகவில்லை.

மூன்றாம் அமைப்பு: விதியே பொருளாதல்

விதி தானே ஒரு பொருளாக நின்றால் என்ன? தொழிலாளி ஒரு பொருள். அன்றைய வேலைப்பதிவு ஒரு பொருள். ‘பறிப்பு வீத விதி’, ‘விடுமுறை விதி’, ‘குறைந்தபட்சச் சம்பள விதி’ என்பனவும் தனித்தனிப் பொருள்கள். ஒவ்வொரு விதியும் நான்கைத் தாங்கி நிற்கும்: எச்சூழலில் பொருந்தும் என்னும் நிபந்தனை, பொருந்தினால் செய்வது என்ன என்னும் செய்கை, எந்நாள் முதல் எந்நாள் வரை செல்லும் என்னும் காலவெல்லை, வேறு விதியோடு மோதினால் எது முந்தும் என்னும் நிலை. கணக்கிடும் இயந்திரம் வேலைப்பதிவை விதிகளின்முன் வைக்கும். பொருந்திய விதிகள் தத்தம் செய்கையைச் செய்யும்.

1994இல் காமா, ஹெல்ம், ஜான்சன், விலிசிடஸ் ஆகிய நால்வர் வெளியிட்ட வடிவமைப்பு நூல், மாற்றத்தக்க செயல்முறையைத் தனிப்பொருளாகப் பிரித்து வேண்டியபோது மாற்றிப் பொருத்தும் முறையை ‘உத்தி’ எனப் பொருள்படும் பெயரால் விளக்கியது. நூலுக்குரிய உத்திகள் முப்பத்திரண்டு என்று எண்ணிய மரபினர்க்கு இச்சொல் அயலன்று. 1996இல் மார்ட்டின் ஃபௌலர் கணக்குப் பதிவு விதிகளைப் பொருள்களாக்கும் வழியை ஆராய்ந்தார். யோடர், பலகேர், ஜான்சன் ஆகியோர் 2001இல் ஒருபடி மேலே சென்று, வகுப்புகளையும் விதிகளையும் நிரலில் எழுதாமல் தரவாகவே வைத்து, இயங்கும்போதே மாற்றத்தக்க அமைப்பை விளக்கினர்.

கணக்கு விளங்கப் புனைந்த எடுத்துக்காட்டொன்றைக் காண்போம். ஒரு தொழிலாளி 2025 சனவரியில் 5,200 கிலோ பறிக்கிறார். வீதம் கிலோவுக்கு 30 காசு. உழைப்பால் வந்தது 1,560 ரிங்கிட். அம்மாதம் செல்லும் அளவு 1,500. ஆகவே அவர் பெறுவது 1,560. பிப்ரவரியிலும் அதே எடை, அதே வீதம். இப்போது செல்லும் அளவு 1,700. ஆகவே 140 ரிங்கிட் ஈடுகட்டப்பட வேண்டும். ஏப்பிரலில் எடைப்பிழை ஒன்று கண்டறியப்பட்டு இரு மாதக் கணக்கையும் மீண்டும் போட நேர்ந்தால்? காலவெல்லையைத் தாங்கிய விதி, சனவரிக்குச் சனவரியின் அளவையும் பிப்ரவரிக்குப் பிப்ரவரியின் அளவையும் தானே எடுத்துக்கொள்ளும். பழைய எண்ணை அழித்துப் புதிய எண்ணை எழுதிய நிரல், சனவரியையும் 1,700ஆல் அளக்கும். சென்ற காலத்தின் உண்மையை அது இழந்துவிட்டது. நிகழ்காலம் ஒன்றையே அறிந்த வினைச்சொல்லால் வரலாறு எழுத இயலுமா?

விதிகளின் வரிசையும் நோக்கத்தக்கது. ‘மரம்’ என்பதோடு ‘கிளை’ சேரும்போது மகரம் கெட்ட பின்னரே ககரம் மிகுந்து ‘மரக்கிளை’ ஆகிறது. கூலியிலும் ஈடுகட்டு முந்த வேண்டும். சேமநிதிக் கணக்கு பிந்த வேண்டும். வரிசை மாறினால் மேற்கூறிய பிப்ரவரிக்கு 140 ரிங்கிட்டின்மேல் சேமநிதி விடுபடும். குடிமகனாயின் தொழிலாளி பங்கு நூற்றுக்கு 11, முதலாளி பங்கு நூற்றுக்கு 13. இரண்டும் சேர்ந்து மாதம் ஏறத்தாழ 33 ரிங்கிட் அவர் முதுமைக்குச் சேராமல் போகும். ஒருவரும் திருடவில்லை, ஆயினும் பொருள் போயிற்று.

புறனடையின் எல்லை

இந்த மூன்றாம் அமைப்பே சிறந்தது என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயினும் இதனைப் புகழ்வோர் சிலர் எல்லை கடக்கின்றனர். ‘எல்லா விதியையும் அட்டவணையில் வைத்துவிட்டால், நிரலர் துணையின்றி அலுவலகத்தார் வேண்டியபடி மாற்றிக்கொள்ளலாம்’ என்பர். விதிகளைத் திரட்டிப் பொருத்திப் பார்க்கும் இயந்திரங்களும் உண்டு. அவற்றுள் பலவற்றுக்கு அடிப்படையான வழிமுறையைச் சார்லசு ஃபார்கி 1970களில் வகுத்தார். கருவியில் குற்றமில்லை. எளிதாக மாற்றலாம் என்பதைப் பொறுப்பின்றி மாற்றலாம் என்று கொள்வதே குற்றம். இருநூறு விதிகள் அட்டவணையில் கிடக்க, எது எதனை விலக்கும் என்பதை ஒருவரும் அறியாத நிலை வருமாயின், முதல் அமைப்பின் புதைகுழியே வேறோரிடத்தில் தோண்டப்பட்டது என்க.

ஈண்டுப் புறனடைச் சூத்திரம் நமக்கு வழிகாட்டுகிறது. தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தின் இறுதியில், கூறப்பட்டவற்றின் வேறாகச் செய்யுளிலும் வழக்கிலும் திரிவன உளவாயின் அவற்றையும் தழுவிக்கொள்ள இடம் தந்தார். அவ்விடத்தைக் கட்டின்றித் திறந்துவிடவில்லை. வழங்கும் நெறியை நோக்கி நல்லறிவால் ஆராய்ந்து கொள்ளுமாறு நிபந்தனையும் வைத்தார். காலவகையால் வழக்கு மாறுவதைப் பிழையெனக் கொள்ளாத கருத்தோடு பவணந்தியார் தம் நூலை முடித்தார். அவரும் வழக்கையே சான்றாக்கினார். தனியொருவர் விருப்பத்தைச் சான்றாக்கவில்லை. நெகிழ்ச்சிக்கு நெறி வேண்டும் என்பது இருவர் கொள்கையுமாகும்.

நிரலில் அந்நெறி யாது? ஒவ்வொரு விதிமாற்றத்திற்கும் ஆணையிட்டவர் யார், எச்சட்டத்தின்படி, எந்நாள் முதல் என்னும் குறிப்பு வேண்டும். ஒவ்வொரு விதிக்கும் காட்டும் வேண்டும். காண்டிகையுரையில் கருத்தும் பதப்பொருளும் கூறி எடுத்துக்காட்டும் தருதல் நம் மரபு. விதியின் சொல்லுக்கு இருபொருள் தோன்றினால் ஐயம் நீக்குவது அக்காட்டே. ‘இவ்வளவு எடை, இம்மாதம், இவ்விடை’ என்று முன்கூட்டி எழுதிவைத்து, நிரல் மாறுந்தோறும் அவ்விடை வருகிறதா என்று இயந்திரமே சோதிக்கச் செய்வது இன்றைய நல்லோர் வழக்கம். இவ்வழக்கம் ஊன்றிய களங்களுள் ஒன்று சம்பளக் கணக்கே என்பது நினைவுகொள்ளத்தக்கது. அமெரிக்காவின் கிரைசுலர் நிறுவனத்திற்காகச் சுமால்டாக் மொழியில் எழுதப்பட்ட சம்பள நிரலில் கென்ட் பெக் முதலியோர் இடையறாச் சோதனையை முறையாக்கினர். அந்நிரல் 1997இல் ஏறத்தாழப் பதினாயிரம் பேர்க்குக் கணக்கிட்டது. எனினும் நிறுவனத்தார் அனைவரையும் எட்டுமுன் 2000ஆம் ஆண்டில் அத்திட்டம் நிறுத்தப்பட்டது. அழகிய அமைப்பும் நல்ல சோதனையும் இருந்தாலே ஒரு நிரல் நிலைபெற்றுவிடும் என்று நம்புவோர் இவ்வரலாற்றை எண்ணிப்பார்ப்பாராக.

யாருக்கு நெகிழ்ச்சி?

இனி இத்திறனாய்வின் மையத்திற்கு வருவோம். மென்பொருள் நூல்கள் நெகிழ்ச்சியைப் புகழும்போது அதனை இருவர் கண்ணால் மட்டுமே காண்கின்றன: நிரலர், நிருவாகி. நிரலர்க்கு எளிதில் திருத்தலாம். நிருவாகிக்கு விரைவில் மாற்றலாம். விதி எவர்மேல் செல்கிறதோ அவருடைய கண் அங்கே இல்லை. கொழுந்து நிறுத்து முடித்துப் பேருந்துக்குக் காத்திருக்கும் பெண்ணுக்கு அந்நிரல் வழங்குவது ஒரு துண்டுத்தாள். அதில் ஓர் எண். ‘ஏன் ஐயா இம்மாதம் குறைந்தது?’ என்று அவள் தாய் கிராணியாரைக் கேட்டாள். அவர் பேரேட்டைப் புரட்டி, ‘பன்னிரண்டாந்தேதி வேலைக்கு வரவில்லை அம்மா’ என்று காட்டினார். இவள் கேட்டால், ‘கம்ப்யூட்டர் அப்படித்தான் காட்டுகிறது’ என்னும் விடை கிடைக்கக்கூடும். விதி என்னும் தமிழ்ச்சொல் நெறியையும் குறிக்கும், ஊழையும் குறிக்கும். காரணம் கேட்க முடியாத விதி நெறியாக இருப்பதை விட்டு ஊழாகிவிடுகிறது.

வேலை செய்வோர் வங்காளத்தையும் நேப்பாளத்தையும் தாய்மொழியாகக் கொண்டவராக இருக்கும் இந்நாளில் இக்கடமை பெருகுகிறதேயன்றிக் குறையவில்லை. ஒருகாலத்தில் ஆங்கிலத்தில் எழுதிய கணக்கை நம் பாட்டனார் படிக்க இயலாமல் கைநாட்டு வைத்தனர். அவர்தம் பேரர் நிரல் எழுதும் மேசையில் அமர்ந்திருக்கும்போது, வேறொரு மொழிக்காரர் அதே கைநாட்டு நிலையில் நிற்க விடலாமா?

விதியைப் பொருளாக்கிய அமைப்பின் உண்மையான பெருமை இங்கேதான் விளங்கும். ஒவ்வொரு விதிக்கும் பெயரும் காலவெல்லையும் இருப்பதால், எந்தெந்த விதி பொருந்திற்று என்னும் சுவட்டை நிரல் வைத்திருக்க முடியும். அச்சுவட்டைச் சம்பளத் தாளில் அச்சிடலாம். ‘பறிப்பு 5,200 கிலோ, கிலோவுக்கு 30 காசு, 1,560, குறைந்தபட்சச் சம்பள விதி, 2025 பிப்ரவரி முதல், ஈடு 140’ என்று ஒவ்வொரு தொகையும் தன் காரணத்தைத் தானே சொல்லும். விதியின் பெயர் தரவாக இருப்பதால் அதனை வங்காளத்திலும் நேப்பாளத்திலும் மலாயிலும் தமிழிலும் எழுதிவைத்தல் அரிதன்று. புதைந்த விதியால் இது இயலாது. முப்பத்தாறு வகுப்புகளாலும் இயலாது. மாற்றத்தை ஏற்பது, தன்னை விளக்குவது என்னும் இரண்டும் ஒரே அமைப்பின் இரு பயன்கள். முதற்பயனை மட்டும் பெற்று இரண்டாவதை விடுத்தோர் பாதிக்கிணறு தாண்டியவரே.

ஆகவே ஒரு கூலி நிரலை மதிப்பிட மூன்று வினாக்களை உரைகல்லாகக் கொள்ளலாம். நாளை ஒரு விதி மாறினால் எத்தனை இடத்தில் கைவைக்க வேண்டும்? நேற்றைய கணக்கை நேற்றைய விதியால் மீண்டும் போட முடியுமா? எவர் கூலி கணக்கிடப்படுகிறதோ அவருக்குக் காரணத்தை அவர் மொழியில் காட்ட முடியுமா? முதல் வினாவோடு நின்றுவிடுவன பல. இரண்டாவதை எட்டுவன சில. மூன்றாவதற்கும் விடைதருவதே சிறந்த அமைப்பு.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும்

கேமரன் மலையின் தமிழ்ப்பள்ளிகளிலும் நாட்டின் ஏனைய தமிழ்ப்பள்ளிகளிலும் பயிலும் மாணவர் சிலர் நாளை நிரலராவர். புணர்ச்சி விதியால் தமக்கு என்ன பயன் என்று அவர்கள் கேட்கின்றனர். பொதுவிதி, சிறப்புவிதி, புறனடை, காட்டு என்னும் நான்கையும் உணர்ந்து கற்ற மாணவர், விதிகளை வடிவமைக்கும் கலையின் பாதியைக் கற்றுவிட்டார் என்று ஆசிரியர்கள் துணிந்து கூறலாம். ‘மாம்பழம்’ என்பதற்கு விதி கேட்கும் வினாவோடு, அவ்விதியைப் பொதுவிதிக்குள் நுழைக்காமல் தனியே வைத்தது ஏன் என்னும் வினாவையும் சேர்த்துக் கேட்கலாம். தம் வீட்டாரின் சம்பளத் தாளொன்றை எடுத்து, அதிலுள்ள ஒவ்வொரு தொகைக்கும் விதி எழுதி, காட்டுத் தந்து, எது எதற்கு முந்தும் என்று வரிசைப்படுத்துமாறு பயிற்சி தரலாம். மாணவர் இலக்கணத்தையும் கற்பர். தம் பெற்றோர்க்கு உரியது முறையாக வந்ததா என்பதையும் அறிவர்.

நிரலெழுதப் புகுவோர்க்கும் ஒன்று கூறுவோம். மேசைமேல் ஒளிரும் திரையில் ‘தொழிலாளி’ என்பது ஒரு பெயர். ‘கூலி’ என்பது ஓர் எண். அந்த எண்ணின் மறுமுனையில், மலைச்சரிவின் ஈரத்தில் முழங்கால் நனைய நின்று பறித்த ஒருவர் இருக்கிறார். அவர் கேட்கும் ‘ஏன்’ என்னும் வினாவுக்கு விடைசொல்லும் வண்ணம் விதியை எழுதுங்கள். அவ்வாறு எழுதப்பட்ட விதியை நாளைய சட்டத்திற்கேற்ப மாற்றுவதும் எளிது. அதனைத் தட்டிக்கேட்பதும் எளிது.